சத்தம் எப்ப மாறுது?

2023 ஏப்ரல் 14 காலையில் எங்கள் காலனியிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. விழுப்புரத்தில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். 14 பேர் உட்காருகிற வண்டியில் 22 பேர். கொடி, பேனர், சாப்பாட்டு அண்டா, பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வயசானவன் என்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

காலனி ரோட்டிலிருந்து தார்ச்சாலையில் ஏறியதுமே எனக்குக் கேட்டுவிட்டது. தொப்... தொப்... தொப். வண்டி 20, 30-ல் போகும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. 50-ஐத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே உறுமலாகிவிட்டது. பின்பக்கம். எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை.

"தம்பி, பின்னாடி டயரு அடிக்குது. ஓரங்கட்டு."

வண்டி ஓட்டியவன் எங்கள் தெருப் பையன்தான். கடன் வாங்கி வாங்கிய வேன். "ரோடு சத்தம்ணே அது. டயரு பட்டனெல்லாம் நல்லா இருக்குது" என்றான். நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த தோழர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கு மாலை போடணும் தோழர். போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

நான் மறுபடியும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்போது கடைசி சீட்டிலிருந்து ஒரு பிள்ளை, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், சத்தமாகச் சொன்னாள். "பெரியப்பா சொல்றது நெசம்தான். ஏறுனதுலேர்ந்து எனக்குக் கீழதான் அடிக்குது. நான் சொன்னேன், யாரும் கேக்கல."

அவள் உட்கார்ந்திருந்தது வலது பின்சக்கரத்துக்கு நேர் மேலே. எனக்குத் தெரியாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வண்டியை நிறுத்த வைத்தேன். டயரில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். "ரோடு சத்தம்" என்ற அந்த வார்த்தை என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதே வார்த்தையை 29 வருஷத்துக்கு முன்னால் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

*

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா மேளம் அடிப்பவர். ஊரில் யார் செத்தாலும் எங்கள் ஆட்களுக்குச் சொல்லி வரும். சொல்லி வரும் என்பதுகூட மரியாதையான பேச்சு. "டேய், மேளத்த எடுத்துக்கினு வாங்கடா" என்று சேரி முனையில் நின்று ஒருத்தன் கத்துவான், அவ்வளவுதான். பொணம் எடுக்கிறவரைக்கும் அடிக்க வேண்டும். கூலி என்று கணக்குக் கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் தூரத்தில் நின்று.

1983-ல் எங்கள் சேரியில் கூடிப் பேசி, இனிமேல் ஊர்ச் சாவுக்கு மேளம் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். நைனாவும் கைதூக்கினவர்தான். மறுநாளிலிருந்து ஊர்க்காரர்கள் எங்களை மல்லாட்டை பிடுங்கக் கூப்பிடவில்லை, களை எடுக்கக் கூப்பிடவில்லை. அந்த ஒரு போகம் முழுக்க வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நைனா என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் விட்டார். எனக்கு 13 வயசு.

நைனா மேளத்தைக் கீழே வைத்ததால்தான் நான் டயரைக் கையில் எடுத்தேன்.

கடைக்காரர் ஒரு பாய். என்ன சாதி என்று என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும். அவர் குடித்த சொம்பிலேயே எனக்கும் தண்ணி கொடுத்தார். முதல் நாள் அதை வாங்கக் கை நீட்டாமல் நின்றேன். "இன்னாடா பாக்கற? குடி. டியூப்பு காயுது" என்றார்.

முதல் ஆறு மாசம் டயர் கழற்றுவது, தொட்டித் தண்ணியில் டியூபை அமுக்கி எங்கே முட்டை விடுகிறது என்று பார்ப்பது, ராவிவிட்டு ஒட்டுப் போடுவது, இவ்வளவுதான் வேலை. அப்புறம் லாரிக்குத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். லாரியின் பின்பக்கம் ஜோடி ஜோடியாக டயர் இருக்கும். உள்பக்க டயரில் காத்து இல்லையென்றாலும் வெளி டயர் தாங்கிக்கொள்ளும், பார்வைக்குத் தெரியாது. இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டினால் காத்து உள்ள டயர் "ணங்" என்று கம்பியைத் திருப்பி அடிக்கும். காத்து இல்லாதது "பொத்" என்று கம்பியை விழுங்கிக்கொள்ளும். பல லாரி கிளீனர்கள் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கித் தட்டுவது இதற்குத்தான்.

கார்க்காரர்கள் வந்து, "பாய், வண்டியில ஏதோ சத்தம் வருது" என்பார்கள். பாய் எந்தச் சத்தம் என்று கேட்க மாட்டார். "எப்ப வருது? எப்ப மாறுது?" என்றுதான் கேட்பார். என்னிடமும் அதையே சொல்லுவார். "சத்தத்தக் கேக்காதடா. சத்தம் எப்ப மாறுதுன்னு கேளு."

அவர் சொல்லிக்கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். இதை எழுதி வைத்து யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறினால் கியரை நியூட்ரலில் தள்ளி, நேரான காலி ரோட்டில் வண்டியைக் கொஞ்ச தூரம் உருள விட வேண்டும். இஞ்சின் சத்தம் இறங்கிய பிறகும் அந்தச் சத்தம் அப்படியே வந்தால் அது இஞ்சின் விவகாரம் இல்லை, சக்கரத்துப் பக்கம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு மாதிரியும் விட்டால் வேறு மாதிரியும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியல் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது ரோடு. வழவழப்பான தாரிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்குப் போகும்போது, பாலத்துச் சிமெண்டு மேல் ஏறும்போது, சத்தம் மாறினால் அது டயர். எந்த ரோட்டுக்குப் போனாலும் மாறாமல் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்.

அடுத்தது ஸ்டியரிங். வண்டி ஓடும்போது லேசாக வலது பக்கம் வளைத்தால் பாரம் இடது சக்கரத்தின் மேல் விழும். இடது பேரிங் கெட்டிருந்தால் அப்போது உறுமல் கூடும். இடது பக்கம் வளைத்தால் குறையும். வலது பேரிங்குக்கு இது தலைகீழ்.

டிக் டிக் என்று கடிகாரம் மாதிரி அடித்து, வேகத்தோடு அதுவும் வேகமானால், டயர் பட்டனில் கல்லோ ஆணியோ இருக்கிறது. ஆணியாக இருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. எச்சிலைத் தொட்டு வைத்தால் முட்டை விடுகிறதா என்று தெரியும். காலையில் எடுத்ததும் தொப் தொப்பென்று அடித்துவிட்டுக் கொஞ்ச தூரத்தில் அடங்கிவிட்டால், ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் டயர் தட்டையாகிப் போயிருந்து, சூடேறியதும் சரியானது என்று அர்த்தம். அடங்கவே இல்லையென்றால் இறங்கிப் பார்க்காமல் போகக் கூடாது. மெதுவாகப் போகும்போது கடகடவென்று ஆடினால் முதலில் வீல் நட்டைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கை. நின்ற வண்டியின் டயரில் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவு. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பம் மாதிரி கையைக் கீறினால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. சுற்றிவரத் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாக இருந்தால் சாக்கப்சரோ பேலன்ஸோ போயிருக்கிறது. ரெண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காத்துக் குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காத்து அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. ஆக, சத்தம் டயரில் வந்தாலும் கோளாறு டயரில்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. காரணத்தைச் சரி பண்ணாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரையும் அது தின்றுவிடும்.

இதையெல்லாம் கற்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. கையில் லிவர் பட்டு ரெண்டு தடவை நகம் பிய்ந்தது. தப்பாகச் சொல்லித் தலையில் குட்டு வாங்கியதற்குக் கணக்கில்லை. ரோட்டில் போகிற லாரியைப் பார்க்கவிடாமல் கண்ணை மூடச் சொல்லி, "எந்தப் பக்கம் டயரு? சொல்லு" என்பார் பாய்.

*

1994-ல் நான் ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவராக இருந்தேன். அம்பாசிடர் கார். மாசம் 1,200 ரூபாய் சம்பளம். அந்த வீட்டில் எனக்கு டீ கொடுக்கத் தனியாக ஒரு அலுமினிய டம்ளர். கார் ஷெட்டில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். நானே கழுவி நானே மாட்ட வேண்டும். ஆனால் காருக்குள் நானும் அவரும் விட்ட மூச்சையே விட்டுக்கொண்டு நூறு மைல் போவோம். காருக்கு உள்ளே இல்லாத தீட்டு ஷெட்டில் எப்படி வந்தது என்று அவர் யோசித்ததில்லை. நான் யோசித்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

ஒருநாள் முன்பக்கம் இடது சக்கரத்தில் ஊங்... என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. ரெண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ரோடு மாறினாலும் அது மாறவில்லை. வலது பக்கம் வளைத்தால் கூடியது, இடது பக்கம் வளைத்தால் குறைந்தது. மூணாவது நாள் சொன்னேன். "ஐயா, முன்னாடி இடது பேரிங் போவுதுங்க. கழட்டிப் பாத்துட்டா நல்லதுங்க."

"ரோடு சத்தம்டா அது. நீ ஓட்டற லட்சணம்" என்றார்.

பிறகு அவருக்கே கேட்க ஆரம்பித்தது. என்னை விட்டு அவருடைய சொந்தக்காரர் ஒருத்தரின் வொர்க் ஷாப்புக்கு வண்டியை அனுப்பினார். அவர் வண்டியை எடுத்து ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. டயரை எட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் கன்னாபின்னான்னு பிரேக் அடிச்சுத் தேச்சுட்டான்" என்றார். முன்பக்கம் ரெண்டு டயரும் புதுசாகப் போட்டார்கள். அந்த மாசம் என் சம்பளத்தில் 200 ரூபாய் பிடித்தார்கள்.

புது டயரோடு வண்டியை வெளியே எடுத்தேன். அதே ஊங்காரம். துளியும் குறையவில்லை. டயரை மாற்றியும் சத்தம் மாறவில்லையென்றால் டயர் குற்றவாளி இல்லை என்றாகிவிட்டது. நானும் குற்றவாளி இல்லை. ஆனால் 200 ரூபாய் போனது போனதுதான்.

ஒரு வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அவர், அவர் வீட்டம்மா, தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண். அப்போது ஜி.எஸ்.டி. ரோடு ரெண்டு வண்டி மட்டும் ஒதுங்கிப் போகிற ரோடு. ரெண்டு பக்கமும் புளியமரம். எதிரே வருகிற லாரிக்கு ஒதுங்கினால் மரம்தான். செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஊங்காரம் போய் கரகரவென்று அரைக்கிற சத்தமாகிவிட்டது. ஸ்டியரிங்கில் கைக்கு நடுக்கம் வந்தது. படாளம் பக்கம் ஒரு டீக்கடை வெளிச்சம் பார்த்து ஓரங்கட்டினேன்.

இறங்கிச் சக்கரத்து நடுவில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோனேன். அனல். விரலால் தண்ணி தெளித்தேன். சுர்ரென்றது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடாகும். ஆனால் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அந்த இழுப்பு இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கடக் கடக்கென்று ஆடியது.

"ஐயா, இதோட ஓட்ட முடியாதுங்க. பேரிங் ஒடஞ்சு இறுகிட்டா சக்கரமே கழண்டுக்கும்."

"மதுராந்தகம் போயிடலாம். மெதுவா ஓட்டு."

"மாட்டேங்க."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அதுவரைக்கும் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினேன். "நீங்க வேணா ஓட்டுங்க. உள்ள கொழந்த இருக்குது. நான் ஓட்ட மாட்டேன்."

அவருக்கு ஓட்டத் தெரியாது. என் தாயைச் சொல்லித் திட்டினார். சாதியைச் சொல்லித் திட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த வீட்டம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானாக இறங்கி வந்து நின்றார். "அவன்தான சொல்றான். கேளுங்களேன்" என்றார். அதற்கப்புறம்தான் வாய் நின்றது. கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டேன். வண்டிக்குள் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மதுராந்தகத்திலிருந்து மெக்கானிக் வந்தார். கான்ட்ராக்டரும் வந்துவிட்டார். ஹப்பைக் கழற்றியதும் கிரீஸ் தார் மாதிரி கருகி ஒழுகியது. பேரிங் ஓடுகிற பாதை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் பள்ளமாக இருந்தது. சூட்டில் இரும்பு நீலம் பூத்திருந்தது. மெக்கானிக் அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி" என்றார்.

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார். முதுகில் தட்டாத குறை. "அதான்டா, பறமேளம் கேட்டு வளந்த காது. உங்க ஜனத்துக்கு அது பொறப்புலயே வருது" என்றார்.

திட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அவர் பாராட்டியபோது வலித்தது.

நைனா அந்த மேளத்தைக் கீழே வைத்தார். அதற்கு விலையாக என் படிப்பைக் கொடுத்தார். ஆறு வருஷம் நகம் பிய்ந்து, குட்டு வாங்கி நான் கற்ற வித்தையை இந்த ஆள் ஒரே வாக்கியத்தில் பிடுங்கி, திரும்ப எங்கள் கழுத்தில் மேளமாக மாட்டிவிட்டார். அந்த வொர்க் ஷாப்காரர் தப்பாகச் சொன்னபோது அது அவருடைய பிறப்பு என்று யாராவது சொன்னார்களா? அவருக்குத் தப்புப் பண்ணவும் உரிமை இருந்தது. நான் சரியாகச் சொன்னாலும் அது என் சாமர்த்தியம் இல்லை, என் சாதி.

நைனாவுக்கும் மேளம் பிறப்பில் வந்ததில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வைக்கோல் கொளுத்தி, எவ்வளவு நேரம் காட்டினால் தோல் இறுகும், எங்கே தட்டினால் எந்தச் சத்தம் வரும் என்று சின்ன வயசில் அவர் மாமாவிடம் அடி வாங்கிக் கற்றதுதான். கைவேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான் கற்கிறார்கள். எங்கள் ஆட்கள் கற்றதற்கு மட்டும் ரத்தம் என்று பேர் வைத்தார்கள். ரத்தம் என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

"ஐயா, என் 200 ரூபா" என்று கேட்டேன்.

"அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சுடா" என்றார்.

மாசக் கடைசியில் நின்றுவிட்டேன். போகும்போது ஷெட்டில் மாட்டியிருந்த அலுமினிய டம்ளரைக் கழற்றி வாசல் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

*

பிறகு இயக்கத்துக்கு வந்து, படிக்க ஆரம்பித்தபோது, பாபாசாகேப் தன் அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என் கைக்குக் கிடைத்தது. அதில் 1929-ல் சாலிஸ்கானில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். தீண்டத்தகாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசாங்கம் போட்ட கமிட்டியில் அவர் உறுப்பினர். ரயிலிறங்கியவரை அங்கிருந்த மகர் மக்கள் தங்கள் குடியிருப்புக்குக் கூப்பிட்டார்கள். டோங்கா வண்டிக்காரர்கள் யாரும் மகரை ஏற்றி ஓட்ட மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஒருவன் வண்டியைக் கொடுத்தான், ஆனால் ஓட்ட மாட்டேன் என்றான். தலைவரை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று, ஓட்டிப் பழக்கமே இல்லாத நம் ஆள் ஒருவர் ஏறி ஓட்டினார். பாலத்துக் கல்லில் சக்கரம் மோதி, பாபாசாகேப் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டத் தெரிந்தவன் நமக்கு ஓட்ட மாட்டேன் என்றான். நமக்காக ஓட்ட வந்தவருக்கு ஓட்டத் தெரியவில்லை. அந்த மனுஷனை நான் குறை சொல்ல மாட்டேன். லகானைப் பிடிக்க அவரை யார் விட்டார்கள்? ஆனால் சாதி என்பது டம்ளரில், கிணற்றில், கோயிலில் மட்டும் இல்லை, ஒரு சக்கரம் எப்படி ஓடுகிறது என்ற அறிவிலும் இருக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள்தான் எனக்குச் சொல்லின. பஞ்சர் கடை வேலையை அதற்கப்புறம் நான் கேவலமாக நினைக்கவில்லை.

*

வேனுக்கு வருகிறேன்.

எல்லாரையும் இறக்கிப் புளியமர நிழலில் உட்கார வைத்தேன். பொறுப்புத் தோழர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். டிரைவர் தம்பி சொன்னது சரிதான், பட்டன் நன்றாகத்தான் இருந்தது. கீழே ஊன்றி நிற்கிற சக்கரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜாக்கி வைத்து வலது பின்சக்கரத்தைத் தூக்கச் சொன்னேன். கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்து, டயருக்கு ஒரு விரல் இடைவெளியில் அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். ஒரு இடத்தில் டயர் மேலே எழுந்து வந்து குச்சியில் முட்டியது.

"அங்க கைய வெச்சுப் பாரு."

வைத்தாள். பாதி எலுமிச்சம்பழம் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. மேலே இருக்கிற ரப்பர் உள்ளே இருக்கிற கம்பி அடுக்கை விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் புடைப்புத்தான் ரோட்டில் அடித்தது. வெயிலில், பாரத்தோடு, வேகமாகப் போனால் அந்த இடம் பிய்த்துக்கொண்டு வெடிக்கும்.

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். அதைப் படிக்கச் சொன்னேன். "1614" என்றாள். 2014-ம் வருஷத்தின் 16-வது வாரம் செய்த டயர். ஒன்பது வருஷமாகிறது. இந்த எண்ணைத் தம்பி பார்த்ததே இல்லை. பட்டனைக் காட்டி யாரோ பழைய டயரை அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் கிழடு தட்டும். ஓரங்களில் நகத்தால் கீறிய மாதிரிச் சின்னச் சின்ன வெடிப்பு விட்டிருந்தது. பட்டன் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன ரப்பர் கட்டை ஒன்று வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அதுவரைக்கும் வந்துவிட்டால் தூக்கியெறிய வேண்டும். அதையும் அவளுக்குக் காட்டினேன்.

தம்பி பேசாமல் நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மாசத் தவணை கட்டவே அவனுக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் "ரோடு சத்தம்" என்று அவன் சொன்னதை மட்டும் நான் விட முடியாது. ஏமாற்றுகிறவன் சொல்கிற வார்த்தையை நாமும் நமக்குள் சொல்லிக்கொண்டால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

ஸ்டெப்னி மாட்டினோம். 22 பேரில் எட்டுப் பேர் டவுன் பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டோம். நானும் பஸ்ஸில்தான் போனேன். மாலை போடுகிற நேரம் தப்பிவிட்டது. பொறுப்புத் தோழர் அன்று மதியம்வரைக்கும் என்னோடு பேசவில்லை.

தோழர்களே, கூட்டத்துக்கு வண்டி பேசும்போது வாடகை மட்டும் பேசுகிறோம். கொடி கட்டியாச்சா, பேனர் வந்தாச்சா என்று பார்க்கிறோம். ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாலு டயரையும் கையால் தடவி, அந்த நாலு எண்ணைப் படித்து, ஸ்டெப்னியில் காத்து இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும். கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஏதோ அடிக்கிறது என்று சொன்னால் நிறுத்திக் கேட்க அதற்கும் குறைவான நேரம் போதும்.

சாயங்காலம் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்தப் பிள்ளை என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, அந்தச் சத்தம் போச்சு. ஆனா வேற ஒண்ணு வருது."

"எப்ப வருது?"

கொஞ்சம் யோசித்தாள். "பிரேக் போட்டவொடனே இல்ல. வண்டி நிக்கப் போறப்ப வருது. நின்னதும் போயிடுது. எடது பக்கம், முன்னால."

டிரைவர் தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். இந்தத் தடவை அவன் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கியை இழுத்தான்.